கேக்கும் கறியும் ஒரு சிட்டிகை உப்பும்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, 'ஆங்கிலேயர் கேக் என்று சொல்லும்போதெல்லாம் தட்டைத் தேடாதீர்கள்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றியே. ஆகவே இந்த முறை அடுப்படியை விட்டு நாம் நகரப் போவதில்லை. சொல்லுக்குப் பின்னால் அழகான கதை ஒன்று இருக்கும் என்று நம்பிக் கேட்டவர்கள் சிலர் என்மேல் கோபப்படக்கூடும். படட்டும்.

கேள்வி: 'யூ காண்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்' என்கிறார்கள். கேக் கையில் இருந்தால் சாப்பிடத்தானே செய்வோம்? இதில் முடியாமல் போவது எது? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: குழப்பம் கேக்கில் இல்லை, 'ஹேவ்' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்குச் 'சாப்பிடு' என்றும் ஒரு பொருள் உண்டு. 'ஹேவ் சம் கேக்' என்று ஒருவர் தட்டை நீட்டினால் எடுத்துச் சாப்பிடுங்கள் என்றுதான் அர்த்தம். இந்தப் பழமொழியில் அது 'வைத்துக்கொள்' என்ற பொருளில் நிற்கிறது. தின்றால் கேக் மிஞ்சாது; மிஞ்ச வேண்டுமானால் தின்னக் கூடாது. 'தின்னவும் வேண்டும், தின்ற பிறகு அது கையிலும் இருக்க வேண்டும்' என்று வரிசையை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

பழைய ஏடுகளில் இரண்டு வரிசையும் உண்டு. 1538இல் நார்ஃபோக் கோமகன் தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில் 'ஹேவ்' முந்துகிறது. 1546இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் 'ஈட்' முந்துகிறது. ஹேவுட்டின் வரிசைதான் புத்திக்குப் பொருந்துகிறது. ஆனால் ஊரார் வாயில் நிலைத்தது மற்றது.

இந்த வரிசை ஒரு கொலை வழக்கிலும் தலைகாட்டியது. 1978 முதல் அமெரிக்காவில் குண்டுகளைத் தபாலில் அனுப்பியும் ஆங்காங்கே வைத்தும் மூன்று பேரைக் கொன்ற 'யூனபாமர்' யார் என்று தெரியாமல் எஃப்பிஐ பல ஆண்டுகள் திணறியது. 1995இல் அவன் எழுதிய நீண்ட அறிக்கையை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்டது. அதில் கேக்கை முதலில் தின்று, பிறகு வைத்திருக்கும் பழைய வரிசை இருந்தது. எழுத்து நடையைப் பார்த்துச் சொந்தத் தம்பிக்கே சந்தேகம் வந்தது. தியோடர் காசின்ஸ்கி என்ற அந்த முன்னாள் கணிதப் பேராசிரியரின் பழைய எழுத்துகளிலும் கேக் அதே வரிசையில்தான் கிடந்தது. 1996 ஏப்ரலில் அவர் பிடிபட்டார். கேக் மட்டுமே காட்டிக் கொடுத்துவிடவில்லை. சேர்த்துவைத்த சான்றுகளில் அதுவும் ஒன்று. எல்லோரும் தவறாகச் சொல்லும் ஒன்றைச் சரியாகச் சொன்னது ஒருவருக்கு எதிராகப் போனது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. நானும் ஊரோடு ஒத்துப்போகாமல் எழுதுகிற ஆள்.

தமிழில் கேட்டால் 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை'. நம்முடையதே மேல் என்பேன். கூழில் மீசை நனைவது கண்ணுக்குத் தெரிகிறது.

கேள்வி: 'எக் ஆன்' என்றால் தூண்டிவிடுவதாமே? முட்டைக்கும் தூண்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஒன்றும் இல்லை. இந்த 'எக்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த வேறு சொல். கத்தியின் விளிம்பைக் குறிக்கும் 'எட்ஜ்' அதற்கு உறவு. முட்டையை வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: குழந்தையை 'தி ஆப்பிள் ஆஃப் மை ஐ' என்று கொஞ்சுகிறார்கள். கண்ணுக்குள் ஆப்பிள் எப்படிப் போயிற்று? (இரண்டு பேரன்களின் பாட்டி)

பதில்: அம்மா, அது பழமே அல்ல. கண்ணின் கருமணியை உருண்டையான, கெட்டியான ஒரு பொருள் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். உருண்டையாக இருந்ததால் அதற்கு 'ஆப்பிள்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆல்ஃபிரட் மன்னர் காலத்துப் பழைய ஆங்கிலத்திலேயே இந்த வழக்கு இருக்கிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், வேறு சில மொழிகள் கண்ணுக்குள் பழத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தன. இலத்தீனில் 'பியூப்பில்லா' என்றால் சிறுமி, பொம்மை. கருமணிக்கும் அதே பெயர். ஆங்கில மருத்துவர் இன்று சொல்லும் 'பியூப்பில்' அங்கிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'கோரே' என்றால் பெண், கருமணியும் அதுவே. தமிழில் பாவை என்றால் பொம்மை, பெண், கருமணி, மூன்றும்! 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும் திருநுதற்கு இல்லை இடம்' என்பது 1123ஆம் குறள். என் கண்ணுக்குள் இருக்கும் பாவையே, நீ வெளியே போ, நான் விரும்புகிறவளுக்கு இங்கே இடம் போதவில்லை என்று ஒருவன் தன் கண்மணியைக் காலிசெய்யச் சொல்கிறான்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டதாக நினைக்க வேண்டியதில்லை. பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவன் கண்ணை நெருங்கிப் பாருங்கள். கருமணிக்குள் பொம்மை அளவில் ஒரு பாட்டி தெரிவார். அதைப் பார்க்க மொழி எதற்கு? நீங்கள் கண்மணி என்றே கொஞ்சுங்கள்; ஆப்பிளை நறுக்கிக் கொடுங்கள்.

கேள்வி: மேலதிகாரியைக் காக்காய் பிடிப்பதை 'கறி ஃபேவர்' என்கிறார்கள். கறி நம்முடைய சொல்தானே? கறி விருந்து வைத்து ஆளை மடக்குவது என்ற பொருளில் வந்திருக்கும் என்று நான் சொல்ல, என் மைத்துனர் மறுக்க, வீட்டில் பந்தயமே கட்டியிருக்கிறோம். (ஒரு வங்கி ஊழியர்)

பதில்: தோற்றுவிட்டீர்கள். மைத்துனருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பிடுகிற 'கறி' தமிழிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்பது சரிதான். ஆனால் இந்தத் தொடரில் இருப்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு 'கறி'. குதிரையைத் தேய்த்துவிட்டுச் சீவுவது என்று அதற்குப் பொருள். குதிரையைத் தேய்க்கும் பல்வைத்த கருவிக்கு 'கறிகோம்ப்' என்று இன்றும் பெயர். அடுத்த சொல்தான் கதை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட ஓர் அங்கதக் கவிதையின் நாயகன் ஃபோவெல் என்ற குதிரை. முகத்துதி, பேராசை, இழிகுணம், நிலையாமை, பொறாமை, கோழைத்தனம் ஆகிய ஆறின் முதலெழுத்துகளைக் கோத்து அந்தப் பெயரை வைத்தார்கள். லாயத்திலிருந்து அரண்மனைக்கு ஏறிவிட்ட அந்தக் குதிரையைத் தடவிக்கொடுக்க மன்னரும் மதத் தலைவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஃபோவெலைத் தேய்ப்பது என்றால் அண்டிப் பிழைப்பது என்று ஆயிற்று. இங்கிலாந்தில் குதிரையை மறந்துவிட்டார்கள். புரியாத 'ஃபேவெல்' புரிகிற 'ஃபேவர்' ஆனது.

நம் காக்காய்கூடப் பறவை இல்லை, 'கால் கை பிடித்தல்' மருவியது என்பார்கள். அதையும் நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் கேட்டுக்கொள்வேன். ஏன் உப்பு என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: ரோமானியப் போர்வீரர்களுக்கு உப்பைச் சம்பளமாக அளந்தார்கள், அதனால்தான் 'சாலரி' என்ற சொல் வந்தது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். வாசகர்களுக்கும் நீங்கள் சொல்லலாமே? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, பாதியை மட்டும் சொல்கிறேன். 'சாலரி' என்பது 'சலாரியம்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதில் உப்பைக் குறிக்கும் 'சால்' இருக்கிறது. அதுவரை சரி. வீரர்களுக்கு உப்பைப் படியில் அளந்து போட்டார்கள் என்பதற்குப் பழைய ரோமானிய ஏடு எதிலும் சான்று இல்லை. அவர்களுக்குக் காசுதான் கொடுத்தார்கள். உப்புக்கும் ஊதியத்துக்கும் இடையே ஏதோ தொடர்பு இருந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பிற்காலத்தார் கதையால் அடைத்துவிட்டார்கள். நானும் இதை வெகுநாள் நம்பி எழுதியவன்தான். உங்கள் முப்பது ஆண்டுகளுக்கு நான் துணை.

உப்பைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி வேறு. நம்பத் தகாததைக் கேட்டால் 'வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' எடுத்துக்கொள் என்பார்கள் ஆங்கிலேயர். அமெரிக்கர் சிட்டிகைக்குப் பதில் ஒரு கல் உப்பு என்பார்கள். கி.பி. 77 வாக்கில் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிய இயற்கை வரலாற்றில் ஒரு விஷமுறிவு வருகிறது. பொன்டஸ் நாட்டு மன்னர் மித்ரிடேட்ஸைத் தோற்கடித்த ரோமானியத் தளபதி பாம்பே, அவரது பெட்டகத்தில் கண்டெடுத்த குறிப்பாம் அது. உலர்ந்த கொட்டைகள் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, ஒரு மூலிகையின் இலை இருபது, எல்லாவற்றையும் சேர்த்து இடித்து, ஒரு கல் உப்புச் சேர்த்து வெறும் வயிற்றில் தின்றால் அன்றைக்கு எந்த விஷமும் ஏறாது. பிளினி எழுதியது வாயில் கரிக்கும் உப்பைத்தான். சந்தேகம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இது நடமாடத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில். மருந்தின் உப்பு எப்படி அவநம்பிக்கையின் உப்பாயிற்று என்பதற்குப் பலர் பல விளக்கம் சொல்கிறார்கள். எதை நம்புவது? உப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: என் தவறுக்கு வருந்தி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தில் 'ஐ ஈட் ஹம்பிள் பை' என்று எழுதினேன். பணிவாக இருக்கும் என்று நினைத்தேன். உடன் வேலை செய்பவர் சிரிக்கிறார்.

பதில்: சிரித்தது சரிதான், ஆனால் கடிதம் போவதற்கு முன்னால் சிரித்திருக்கலாம். இந்தத் தொடரில் பணிவைவிட மூக்குடைபடுதல் அதிகம். அடித்துப் பேசியவன் தான் சொன்னது தவறு என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள நேரும்போது, பெரும்பாலும் அடுத்தவர்கள் அவனைப் பற்றிச் சொல்வது. மன்னிப்புக் கடிதத்துக்கு 'ஐ ஆம் சாரி' என்ற எளிய வாக்கியத்துக்கு மேல் எதுவும் வேண்டாம்.

'பை' என்ற அந்தப் பண்டத்தை, அதாவது மாவுக்குள் கறி முதலியவற்றை வைத்துச் சுடுவதை, பற்றியும் சொல்லிவிடுகிறேன். மானின் ஈரல், இதயம் முதலிய உள்ளுறுப்புகளுக்கு 'நம்பிள்ஸ்' என்று பெயர் இருந்தது. முன்னால் 'எ' சேர்த்து வேகமாகச் சொல்லும்போது 'ந' நழுவி, 'அம்பிள்ஸ்' ஆகிவிட்டது. சமையலின்போது கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்'கூட ஒருகாலத்தில் 'நேப்ரன்'தான். சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் 1663இல், ஒரு பெண்மணி அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்துவந்த 'அம்பிள் பை' அபாரமாக இருந்தது என்று எழுதுகிறார். பிரபுக்கள் நல்ல கறியைத் தின்ன, வேலைக்காரர்களுக்கு இந்தப் பை என்று ஒரு கதை உலவுகிறது அல்லவா? பீப்ஸ் கடற்படை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர், சப்புக்கொட்டித்தான் தின்றிருக்கிறார். பணிவு என்ற பொருள்கொண்ட 'ஹம்பிள்' வேறு வேரிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போனதால் 19ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஒட்டிச் சிலேடை செய்தார்கள், அது நிலைத்துவிட்டது.

இதோடு இன்னொன்று. 'ஈட் யுவர் வேர்ட்ஸ்' என்றால் சொன்னதைத் தவறென்று திரும்பப் பெறுவது. அதை 'மென்று விழுங்கினார்' என்று மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறேன். தமிழில் மென்று விழுங்குகிறவன் இன்னும் எதையும் சொல்லவே இல்லை!

கேள்வி: 'பீஸ் ஆஃப் கேக்' எங்கே சொல்லலாம்?

பதில்: மிக எளிது என்ற பொருளில் நண்பரிடம் சொல்லலாம். நேர்காணலில் வேண்டாம். அமெரிக்கக் கவிஞர் ஆக்டன் நாஷ் 1936இல் ஒரு கவிதையில் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் வாயில் அடிக்கடி புரண்டது. அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று நாம் சொல்வதும் இதே இனிப்பில்தான்.

கேள்வி: 'தி மினிஸ்டர் வாஸ் கிரில்டு' என்பதை எப்படித் தமிழாக்குவது? 'வறுத்தெடுத்தார்கள்' என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். (செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்)

பதில்: உங்கள் ஆசிரியருக்கு என் வணக்கம். நெருப்பு ஒன்றுதான், சமையல் வேறு. தமிழில் வறுத்தெடுப்பது திட்டித் தீர்ப்பது. ஆங்கிலத்தில் 'கிரில்' செய்வது விடாமல் கேள்வி கேட்பது. 'கேள்விகளால் துளைத்தெடுத்தார்கள்' என்று எழுதுங்கள். அங்கே இரும்புக் கம்பி, இங்கே துளைக்கருவி, வலி ஒன்றே.

நான் இதைவிடப் பெரிதாக வழுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரவுப் பணி. வெளிநாட்டுக் கொலை வழக்குச் செய்தி ஒன்றில், அந்தக் கடிதம் 'எ ரெட் ஹெர்ரிங்' என்று விசாரணை அதிகாரி சொன்னதாக வந்தது. அகராதியில் 'ஹெர்ரிங்' மட்டும் பார்த்தேன். 'கடிதம் ஒரு சிவப்பு மீன் என்று அதிகாரி கூறினார்' என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவருக்கும் தூக்கம். அச்சாகிவிட்டது. மறுவாரம் ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். 'கடிதம் மீனானது சரி, உறை என்ன ஆயிற்று?' அந்த அட்டையை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

உப்பிட்டுப் புகைபோட்டால் ஹெர்ரிங் சிவந்துபோகும், வாடையும் தூக்கலாக இருக்கும். சிறுவயதில் தான் அந்த மீனைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடி, முயலைத் துரத்திய வேட்டைநாய்களைத் திசைதிருப்பியதாக வில்லியம் காபெட் 1807இல் தம் பத்திரிகையில் எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டார் என்ற பொய்ச் செய்தியை நம்பி, உள்நாட்டு விவகாரத்தை விட்டுவிட்டு ஓடிய பத்திரிகைகளைக் குத்திக்காட்டத்தான் அந்த மீன். திசைதிருப்பும் பொய்த்தடயம் என்ற பொருள் அப்படித்தான் பரவியது. பத்திரிகைக்காரனைக் கிண்டல் செய்யப் பிறந்த தொடரில் நான் போய் விழுந்தது பொருத்தம்தானே?

கேள்வி: 'ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்?' என்று கேட்டால் வெளிநாட்டவர் விழிக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்களேன்.

பதில்: 'டேக்' செய்வது மாத்திரையை. சாப்பாட்டை 'ஹேவ்' செய்ய வேண்டும்: 'ஹேவ் யூ ஹேட் லஞ்ச்?' அல்லது வெறுமனே 'ஹேவ் யூ ஈட்டன்?'. சூப்பைக் கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் சாப்பிட்டால் 'ஈட்', கோப்பையைத் தூக்கிக் குடித்தால் 'டிரிங்க்'. காரமாக இருப்பதை 'ஹாட்' என்றால் சூடு என்றும் நினைப்பார்கள். 'ஸ்பைசி' என்பது பாதுகாப்பு. 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்றால் உங்களுக்கு உதவ ஆளில்லை என்ற வருத்தம் அல்ல, கூச்சப்படாமல் நீங்களே பரிமாறிக்கொள்ளுங்கள் என்ற உபசாரம். வயிறு நிறைந்தால் 'ஐ ஆம் ஃபுல்'. 'ஸ்டஃப்டு' என்பது நெருங்கியவர்களிடம்.

'ஸே வென்' பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். வெளிநாட்டு நண்பர் ஒருவர் வீட்டில் முதல் விருந்து. என் கோப்பையில் பழச்சாறு ஊற்றிக்கொண்டே 'ஸே வென்' என்றார். எப்போது என்று ஏதோ கேட்கிறார் போலும் என்று நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, 'ஏழரை' என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடி ஊற்றிக்கொண்டே இருந்தார். சாறு விளிம்பைத் தாண்டி, வெள்ளை மேசைவிரிப்பில் இறங்கி, அவர் மனைவியின் மடிவரை போயிற்று. போதும் என்கிறபோது சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். அதற்குப் பதில் 'வென்' என்ற ஒற்றைச் சொல். கேள்வியிலேயே விடை இருந்திருக்கிறது. எனக்குத்தான் கடிகாரம் கண்ணில் பட்டது.

கேள்வி: 'ஸ்பில் தி பீன்ஸ்' பழங்கால கிரேக்கர்கள் அவரையால் வாக்களித்ததிலிருந்து வந்ததாமே?

பதில்: கிரேக்கர்கள் சில பதவிகளுக்கு ஆள் எடுக்க அவரையைப் பயன்படுத்தியது உண்மை. இரகசியத்தை உளறுவது என்ற இந்தத் தொடரோ அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைகாட்டியது. இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த அவரை எங்கே உருண்டுகொண்டிருந்ததாம்?

கேள்வி: எல்லாக் கதைகளையும் உடைக்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்த சாப்பாட்டுச் சொல் ஒன்றாவது உண்டா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: உண்டு. சாப்பாடு இருப்பதே தெரியாத சொற்கள் அவை. 'கம்பேனியன்' என்பதில் இலத்தீனின் ரொட்டி இருக்கிறது. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன்தான் தோழன். 'லார்ட்' பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்வேர்ட்', ரொட்டியைக் காப்பவர். இன்றைய 'லோஃப்'தான் அந்த 'ஹ்லாஃப்'. 'லேடி' என்பது 'ஹ்லாஃப்டிகே', மாவு பிசைபவர். பிசைந்த கையை உதறிக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வரும் ஒரு பெண்ணைத்தான் அந்தச் சொல்லில் நான் பார்க்கிறேன். பட்டுடையும் கையுறையும் பிறகு வந்தவை. இவை கதை இல்லை. பழைய ஏடுகளில் எழுத்து எழுத்தாக இருக்கின்றன. வீட்டில் அண்டியிருந்த வேலையாளுக்கும் ஒரு சொல் இருந்தது: 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி தின்பவன். காத்தவரும் பிசைந்தவரும் இன்னும் மரியாதையாகப் புழங்குகிறார்கள். தின்றவனைத்தான் காணோம்.